ஈறு

கச்சேரியில் மொழிபெயர்க்கிறவள் நான்.
பெரியாஸ்பத்திரிப் பற்பிரிவிலிருந்து
ஒரு பக்கம் வந்தது, சுவரில் ஒட்டுவதற்கு.
இரண்டாம் வரியிலேயே நின்றுவிட்டேன்.
சிங்களத்தில் அது விதுரு மஸ்.
கண்ணாடி இறைச்சி என்று பிரித்துப் பார்த்தேன்.
சரியோ தெரியாது, கொஞ்சம் பயமாயிருந்தது.
எங்களுக்கு இரண்டே எழுத்து:
ஈறு.

எழுதியதும் எட்டாம் வகுப்பு வந்து மேசையருகே நின்றது.
ஈறு என்றால் முடிவு.
சொல்லின் கடைசி எழுத்துக் கழன்றால்
ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்.
ஓடாத குதிரை, ஓடாக் குதிரை.
பரீட்சைக்குப் பாடமாக்கியதில்
இன்றும் மிச்சமிருப்பது அந்தக் குதிரைதான்.

அகராதியில் வேறு கதை.
பல்லைத் தாங்கும் ஈறு
எயிறு தேய்ந்து வந்ததாம்;
எயிறு என்றால் பல்லேதான்.
முடிவான ஈறு பிறந்தது இறு என்கிற வேரில்:
ஒடிதல், தீர்தல்.
சொந்தமில்லாத இரண்டு பேர்
நிலாவெளி பஸ்ஸில்
ஒரே முகத்தோடு ஏறினாற்போல.

பக்கத்தைக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.
பதினைந்து நாளாய்ப் பிரஷில் இரத்தம்.
அதைச் சொல்லத்தான் போனேனென்று
எனக்கே வாசலில்தான் தெரிந்தது.
லேஞ்சியால் வாயை மறைத்துக் கதைத்ததை
டாக்டர் உதேனி கண்டுகொண்டார்.
கதிரை சாய்ந்தது.
யன்னலுக்கு வெளியே மானொன்று
யாரோ எறிந்த வாழைப்பழத்தோலை
அவசரமில்லாமல் மென்றது.
மேலே முன்பல்லே கிடையாது அதற்கு.
எந்தக் கிளினிக்கிலும் நம்பர் எடுத்ததில்லை.

"ஈறு கெட்டுப் போச்சு"
என்றார், இங்கே வந்து பழகிய தமிழில்.
குதிரை ஓடியது.
சிரிக்க முடியவில்லை,
வாய்க்குள் அவருடைய சின்னக் கண்ணாடி.

"ஆனா பல்லு விழாது."
விழாத பல்.
கதிரையில் கிடந்தபடியே சுருக்கினேன்:
விழாப் பல்.
வாசிக்கிறவர்கள் கோயில் கொடியேற்றம் என்று நினைக்கலாம்.
விழுந்தது
ஒரு த மட்டும்.

உப்புத்தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார்,
காலையும் இரவும், ஒரு கிழமைக்கு.
என் வீடு உப்புவெளியில்.
அதை அவரிடம் சொல்லவில்லை.
சொன்னால்
மொழிபெயர்க்க வேண்டி வரும்.