காரணம்: மற்றவை

கையுறையைக் கழற்றாமலே
மூடிகளைத் திறந்து பார்த்தாள் ஹில்கா.
திருகும் மூடி வழுக்கியது.
தள்ளும் மூடி, தள்ளுமுன்பே திறந்துகொண்டது.
அழுத்தும் மூடிதான் கட்டைவிரலுக்கு அடங்கி
டக் என்றது.
"இன்னொரு முறை" என்றாள் அதனிடம்.
டக்.

ஜனவரி. வெளியே மைனஸ் இருபத்தேழு.
கெமி நகரத்து இரும்புச்சாமான் கடையில்
மூன்றாவது அலமாரி என் பொறுப்பு:
ஃபிளாஸ்க், டார்ச், பனி சுரண்டி, எலிப்பொறி.

அவள் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவள்.
மூன்று மணி இருட்டில் கிளம்பி
ஊர் எழுந்து நடக்க வழி செய்துவிட்டுத்
தூங்கப் போவாள்.
பழைய குவளையைப் போன வாரம்
படியில் வைத்து மறந்தாள்.
அவள் வண்டிச் சக்கரமே ஏறிவிட்டது.
"என் மேல் நானேதான் வழக்குப் போடணும்."

சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டை வளையம் எடுத்தாள்.
வண்டியில் குவளை வைக்கும் குழியின் அளவு,
வீட்டிலேயே கத்தரித்து வந்திருந்தாள்.
ஒவ்வொன்றின் இடுப்பிலும் மாட்டிப் பார்த்தாள்
தையல்காரியின் முகத்தோடு.
ஐந்து கழிந்தன. சிவப்பு தேறியது.
தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்து உலுக்கினாள்
என் கணக்கு நோட்டின் மேலேயே.
ஒரு சொட்டு இல்லை.

இரட்டைச் சுவர், நடுவே வெற்றிடம்,
பன்னிரண்டு மணி நேரம் சூடு
என்று நான் ஒப்பித்ததற்கு
"ஒன்றுமில்லாததற்கா முப்பத்தெட்டு யூரோ?" என்றாள்.
கொடுத்தாள்.

எட்டாம் நாள் மத்தியானம் வந்தாள்.
சிவப்பை மேசைமேல் வைத்தாள்.

ஒழுகுகிறதா? இல்லை.
துரு வாடை? இல்லை.
மூடி? "மூடி தங்கம்."
பிறகு?
"ஆறவே மாட்டேன் என்கிறது."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பழைய குவளையில்
பள்ளிக்கூட வாசலில் நாக்கைச் சுடும்.
மருத்துவமனை வளைவில் குடிக்கிற பதம்.
ஆற்றுப் பாலம் ஏறும்போது வெதுவெதுப்பு.
கல்லறை மதிலோரம் சில்லிட்டால்
மணி ஐந்தரை, இன்னும் இரண்டு தெரு,
அப்புறம் படுக்கை.
"கடிகாரம் பார்க்கிற வழக்கமே இல்லை எனக்கு.
முன்னாலும் வெள்ளை, பின்னாலும் வெள்ளை.
நான் நகர்கிறேன் என்று
காப்பிதான் சொல்லும்.
இது பள்ளிக்கூடத்திலும் சுடுகிறது,
கல்லறையிலும் சுடுகிறது.
பாலம் தாண்டியது தெரியாமல்
நேற்று பாலத்தை இரண்டு தடவை தள்ளினேன்."

(என் காப்பி கடையின் பின்னறையில்
மின்தட்டின் மேல் நாள் முழுக்கக் காய்கிறது.
எனக்கு நேரம் சொல்வது
சம்பளச் சீட்டு ஒன்றுதான்.)

மூடியைத் திறந்தே வைத்துப் பார்த்தீர்களா?
"முதல் வளைவிலேயே மடியில்."

ஆக்கப் பொறுத்தவள்
ஆறவும் பொறுத்துத்தான் பார்த்திருக்கிறாள்.

திருப்பும் படிவத்தில் கட்டங்கள்:
உடைந்தது. அளவு தவறு. மனம் மாறியது.
"என் மனம் மாறவில்லை" என்றாள் கறாராக.
'மற்றவை'யில் குறியிட்டால்
பக்கத்தில் காரணம் எழுத வேண்டும்.
எழுதினேன்: சொன்னதைச் செய்கிறது.

வாசல் கூடையில் கிடந்தது
ஒற்றைச் சுவர் பிளாஸ்டிக், ஏழு யூரோ.
அட்டை வளையத்தில் லேசாக ஆடியது.
ஒரு காலுறையை மாட்டிவிட்டால் நிற்கும் என்று
எடுத்துக்கொண்டு போனாள்.

கடை சாத்தும் நேரம்
சிவப்பைக் கழுவ எடுத்தேன். கனத்தது.
டக்.
மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி.
விடிகாலை மூன்று மணிக் காப்பி,
மாலை ஐந்து தாண்டியும்
தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல்.

தொட்டியில் ஊற்றிவிட்டதாக
முதலாளியிடம் சொன்னேன்.
சர்க்கரைதான் கொஞ்சம் கூடுதல்.