நூற்று முப்பத்தெட்டு

சர்க்கரை மாத்திரைகளை நிறுத்தியாயிற்றா என்று கேட்டேன்.
நிறுத்திவிட்டேன் டாக்டர் என்றார் எலெயுதேரியோ பார்ரியா.
பொய்யில்லை.
ராட்சத நண்டு பிடித்த கைகள்.
கயிறு அறுத்த தழும்புகளுக்கிடையே
நரம்பைத் தடவிக்கொண்டே
அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்:
ஆடும் பல் ஏதும் உண்டா?

வெளியே புன்டா அரேனாஸ்.
காற்று மனிதரைத் தள்ளிவிடாமலிருக்கத்
தெருமுனையில் கயிறு கட்டிவைக்கும் ஊர்.

குடலில் ஒரு சாண் வெட்டியெடுத்தார்கள்.
எல்லாம் ஒழுங்காகவே முடிந்தது.
முடிந்தது என்றுதான் எழுதியிருக்கிறேன்,
தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு.

இரண்டாம் இரவு வாந்தி.
பிறகு அந்த மூச்சு:
துடுப்பில்லாத படகை
நெஞ்சாலேயே வலிப்பவரைப் போல
ஆழமாக, வேகமாக, நிறுத்தாமல்.
விரல் நுனியில் குத்திப் பார்த்தோம்.
நூற்று முப்பத்தெட்டு.
அப்பாடா என்றது அறை.
வலியாயிருக்கும் என்றார் அறுவை மருத்துவர்.
நானும் தலையாட்டினேன்.
நல்ல எண்ணுக்கு முன்னால்
நாங்கள் எல்லோரும் எவ்வளவு சமர்த்து.

யாஸ்னா வுகாசோவிச் மட்டும்
அவர் முகத்தருகே குனிந்தபடியே இருந்தாள்.
"நிலவறையில் மறந்துபோன ஆப்பிள்" என்றாள்.
யாரையும் கேட்காமல் கீட்டோன் பட்டையைப் பிரித்தாள்.

ரத்தம் புளித்துக்கொண்டிருந்தது.

விடியுமுன் வந்தார் மனைவி எதெல்மிரா,
கோட்டுப் பையில் ஒரு தகர டப்பி.
"இது சர்க்கரைக்கு இல்லையே, இதயத்துக்கு.
ஒருநாளும் விடக்கூடாதென்றார் இதய டாக்டர்.
ஆபரேஷன் அன்றும் விடவில்லை,
ஒரே ஒரு மிடறு தண்ணீரில்."
சொல்லும்போது குரலில் பெருமை இருந்தது.
அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சிறுநீர் வழியே சர்க்கரையை
ஓசையின்றி வெளியேற்றும் மாத்திரை.
பட்டினி கிடந்த உடல்
தன் கொழுப்பையே எரித்துக்கொண்டிருந்தது.
கருவியோ மிச்சமிருந்ததை மட்டும்
எண்ணிச் சொன்னது,
அதுவும் சரியாகவே.

ஒரு நரம்பில் இன்சுலின், மறு நரம்பில் சர்க்கரை நீர்.
சர்க்கரைக்காரருக்குச் சர்க்கரையா என்று
எதெல்மிரா முகம் சுருங்கியது.
விளக்க முயன்றேன்.
பாதியில் என் ஸ்பானிஷ் மொழியே எனக்கு அந்நியமானது.

ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்து
மாத்தே கேட்டார். கொடுக்கவில்லை.
நண்டுப் பருவம் திறந்துவிட்டதா என்றார்.
பிறகு, குற்றம் சொல்லும் தொனியே இல்லாமல்:
"இதயத்துக்கு மூன்றாம் மாடி,
சர்க்கரைக்கு முதல் மாடி என்று
நீங்கள்தானே பிரித்து வைத்திருக்கிறீர்கள்?"

இப்போதெல்லாம் பெயர் கேட்பதில்லை நான்,
எதற்கு என்றும் கேட்பதில்லை.
எல்லாவற்றையும் மேசையில் கொட்டச் சொல்கிறேன்.
பூண்டு மாத்திரை, கண் சொட்டு, யாரோ கொடுத்த வேர்,
எல்லாமே உருண்டு வருகின்றன.

அவருடைய அட்டை என் இழுப்பறையில் இருக்கிறது.
கத்திக்கு முந்தைய மூன்று நாளின் குமிழ்கள்
உடையாமல் இருந்திருக்க வேண்டும்.
சில சமயம் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பேன்.
மூன்றும் உள்ளே அமுங்கிக் கிடக்கின்றன.