அரைப் பேர்

சம்பள உயர்வு மூன்று தவணையில் வருமாம்.
முதல் தவணை இந்த மாதச் சிட்டையில் இருக்கிறது,
தேடினால் கிடைக்கும்:
இடர் கடனுக்கு மேலே,
பண்டிகை முற்பணத்துக்குப் பக்கத்தில்,
விதவைகள் அநாதைகள் நிதிக்குச் சற்று முன்னால்.
எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.
ஆனாலும் மாதாமாதம்
என் விதவைக்குப் பணம் கட்டி வருகிறேன்.
அவள் யாரென்று தெரிந்தால்
ஒரு ஐந்நூறு கைமாற்றுக் கேட்கலாம்.

தரம் எட்டுக்கு இன்று நூற்றுவீதம்.
பாடப்புத்தகத்தில் ஒரு சேர்ட் தள்ளுபடியில் விற்கிறது.
அதை விட்டுவிட்டு
என் சம்பளத்தையே கரும்பலகையில் எழுதினேன்,
வெட்கத்துக்காகக் கொஞ்சம் கூட்டி.
நூற்றுக்குப் பன்னிரண்டு ஏறினால் எவ்வளவு?
எல்லோரும் குனிந்து கணக்குப் போட
லோஜினி மட்டும் நிமிர்ந்து கேட்டாள்:
"எந்த மாசத்து மா விலைக்கு சேர்?"
அது பாடத்திட்டத்தில் இல்லை என்றேன்.
அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

போன புதன்கிழமை நாங்கள் எல்லோரும் நோயாளிகள்.
சுகவீன லீவுக் கடிதத்தில்
ரிஸ்மி சேருக்கு வயிற்றோட்டம்,
அதிபருக்குத் தலைசுற்று.
எனக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல்
'உடல் அசதி' என்று எழுதினேன்.
அந்தக் கட்டிலே அது ஒன்றுதான் உண்மை.

ஹட்டனில், மல்லியப்பு சந்தியில்,
மழைக்குள் பதாகை பிடித்தோம்.
'நியாயமான' என்ற சொல் சாயம் வடிந்து
என் சேர்ட் கைக்குள் இறங்கிவிட்டது.
'சம்பளம்' மட்டும் நின்றது.
ஒரு கொழுந்து லொறி ஒதுங்கிப் போனது.
மேலே சாக்கில் சாய்ந்திருந்த ஒருவன்
எங்கள் குடைகளை எண்ணிக்கொண்டே போனான்.

மறுநாள் காலை பள்ளி வாசலில்
லோஜினியின் அம்மா யோகமலர்.
மலைக்குப் போகிற வழி.
தலையில் கூடைக் கயிறு, இடுப்பில் படங்கு.
சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.
வந்தாலும் பிழையில்லை.
பதினெட்டுக் கிலோ எடுத்தால்தான் அவளுக்கு முழுப் பேர்.
பதினேழரை என்றால் அரைப் பேர்.
மழை பெய்தால்
தண்ணீர்க் கணக்கு என்று தராசு இரண்டு கிலோ கழிக்கும்.
அவள் கேட்டாள்:

"நேத்து ஒங்களுக்கு அரைப் பேராச்சும் போட்டாங்களா சேர்?"

கிண்டலா என்று முகத்தில் தேடினேன். இல்லை.
"இன்னும் தெரியல" என்றேன்.
"விட்டுறாதீங்க" என்றாள்.
நாலு எட்டுப் போய்த் திரும்பி நின்று,
"ஆனா ஒரேயடியா ஒரு வாரம் மூடிறாதீங்க சேர்.
வீட்ல இருந்தா
இவளும் மலைக்கு வாரேங்கிறா."

என் நாளை எந்தத் தராசில் வைப்பது?
வகுத்தல் விளங்கிய ஒரு பிள்ளை எத்தனை கிலோ?
விளங்காமல் போன நாலு பேருக்கு
ஈரம் என்று எவ்வளவு கழிப்பது?
கொழுந்து அன்று மாலையே எடை காட்டிவிடும்.
லோஜினி எடை காட்டப் பத்து வருஷமாவது ஆகும்.
அப்போது எதிரே வந்தாலும்
எனக்கு அடையாளம் தெரியாது.

கூட்டியது போதாது என்றுதான் இன்றும் சொல்கிறேன்.
யோகமலருக்குக் கூட்டியதும் போதாது.
இரண்டையும் ஒரே பதாகையில் எழுத
இடம் இருக்கவில்லை,
அல்லது
எழுத்தை நாங்கள் பெரிதாகப் போட்டுவிட்டோம்.

வரவு இடாப்பில் முப்பத்தாறு பேர்.
சிவநேசன் பத்தரைக்கு வருகிறான்,
டவுனில் மரக்கறி லொறி இறக்கிவிட்டு,
கையெல்லாம் கோவா வாசம்.
சுற்றறிக்கைப்படி அது அரை நாள்.
பேனாவை எடுத்து
முழுப் பேர் போடுகிறேன்.

மூச்சு வாங்க உட்கார்ந்து
"எந்தக் கணக்கு சேர்?" என்கிறான்.
"மா விலை இல்லாத கணக்கு"
என்கிறாள் லோஜினி.