பேச்சு: ஏதுமில்லை

டண்டீ நகரக் காவல்துறை எனக்குத் தந்தவை
ஒரு லாந்தர், ஒரு தடி,
சுருக்கெழுத்து தெரிந்த பாவத்துக்கு
ஒரு நோட்டுப்புத்தகம்.
ஞாயிறுதோறும் எல்ஸ்பெத் கூர்லே பேசுவதை
ஒரு சொல் விடாமல் எழுத வேண்டும்.

மார்மலேடு பெட்டியைத்
தானே சுமந்து வருவாள்.
கவிழ்த்துப் போட்டு, ஏறுமுன்
ஒரு உதை.
பிறர் அடித்த ஆணிகளை நம்பாதவள்.

"முதலாளிக்கு வங்காளத்தில் ஒரு சணல் ஆலை,
இங்கே ஒன்று.
அங்கே கூலி கேட்டால் இங்கே கை காட்டுவான்,
இங்கே கேட்டால் அங்கே.
அவர்களுக்கும் நமக்கும் ஒரே தூசிதான்
ஒரே இருமல்தான்."
எழுதினேன். இருபத்தாறு, மே, தூறல்.

ஒருமுறை என் பென்சில் முனை உடைந்தது.
பேச்சை நிறுத்தினாள்.
கொண்டையில் செருகியிருந்ததை உருவிக் கொடுத்து
"எங்கே விட்டோம் தம்பி?" என்றாள்.
வாசித்துக் காட்ட வேண்டியதாயிற்று:
"இந்த நகரசபை ஒரு திருட்டுக் கும்பல்."
கைதட்டல். எனக்கு.
மேலே யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

அவள் கணவன் ஆர்ச்சியைப்
பதினெட்டு வயதில் ஆலை துரத்தியது,
ஆண்பிள்ளைக் கூலி தர வேண்டிவரும் என்று.
வீட்டில் கெட்டில் கொதிக்கவைப்பவன் என்று
தெருவே சிரிக்கும்.
செங்கொடியின் ஓரம் அவன் தைத்ததுதான்.
பறிமுதல் செய்தபோது பார்த்தேன்,
நல்ல தையல்.

முப்பத்திரண்டில் வருமானச் சோதனைக்காரர்கள் வந்து
வீடு வீடாக நாற்காலிகளை எண்ணினார்கள்.
மகள் சம்பாதித்தால் அப்பன் உதவித்தொகையில் வெட்டு.
அப்பன் சாப்பிட
மகள்கள் வேறு அறை தேடிப் போனார்கள்.
ஹில்டவுன் சரிவில்
வாடகை தராத வீடொன்றின் கட்டிலைத்
தெருவில் இறக்கினோம்.
எல்ஸ்பெத் ஏறிப் படுத்துக்கொண்டாள்,
பூட்ஸோடு.
நான்கு பேர் தூக்கினோம். கனமே இல்லை.
கட்டில் கோணியபோது
என் தொப்பியைப் பிடித்துக்கொண்டாள்.
முப்பது நாள் சிறை.
தொப்பிக்குத் தனியாக ஒரு ஷில்லிங்.

பிறகு ஸ்பெயின்.
மீன்பிடிப் படகில் வேலை என்று சொல்லிவிட்டு
மகன் ஹ்யூகி ரயிலேறினான்.

முப்பத்தேழு, மார்ச். டே ஆற்றுக் காற்று.
பெட்டியை அன்று வேறு யாரோ சுமந்து வந்தார்கள்.
ஏறினாள். உதைத்துப் பார்க்கவில்லை.
உதடுகள் அசைந்தன.
குரல் வரவில்லை.

தறிகளின் இரைச்சலில் யாருக்கும் எதுவும் கேட்காது.
ஆலைப் பெண்கள் உதட்டால் பேசி
விரலால் முற்றுப்புள்ளி வைப்பார்கள்.
சதுக்கம் நிறைய அந்தப் பெண்கள்,
அவள் வாயையே பார்த்தபடி.

"என்ன சொல்கிறாள்?" என்றார் சார்ஜென்ட்.
அவர் வடக்கே, ஆட்டுப் பண்ணைப் பக்கம்.
"ஒன்றுமில்லை ஐயா."

என் அம்மா இருபத்தாறு வருடம்
நூற்பு அறையில் இருந்தவள்.
எங்கள் வீட்டில் சண்டைகூடச் சத்தமில்லாமல்தான் நடக்கும்.

நோட்டில் இருப்பது:
பேச்சு ஏதுமில்லை. நேரம், ஏழு நிமிடம்.
கூட்டம் அமைதியாகக் கலைந்தது.

இப்போது பென்ஷன்காரன்.
அந்த ஏதுமில்லையிலிருந்து ஒரு வரியைச்
சொல்லிவிடலாம்:

"குளிர் என்று எழுதியிருந்தான்.
காலுறையில் ஒன்று முடிந்துவிட்டது,
மற்றதில் குதிகால்வரை வந்திருக்கிறேன்."