எவ்வளவு நேரம் பிடித்தது

படிவத்தில் மூன்றாவது கேள்வி இது.
முதல் இரண்டுக்கும் சுலபமாக எழுதிவிட்டேன்.
நிரோஷன், ஏழாம் வகுப்பு, ஆ பிரிவு.
இடம்: சத்துணவுக் கூடத்துக்கும்
தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே.

கீழ்க்கோத்தகிரியில் காட்டெருமை வருவதெல்லாம்
ஒரு விஷயமே இல்லை.
பிரேயரின்போதே வந்து நின்றிருக்கிறது,
முழங்கால்வரை வெள்ளைக் காலுறையோடு.
யூனிஃபார்ம் ஒழுங்காகப் போட்டு வருவது
அது ஒன்றுதான் என்பார் பி.டி. சார்.

அன்றைக்கு மூடுபனி. கன்றோடு வந்திருந்தது.
இவன் முட்டை ஓடு கிடந்த தட்டைத்
தாளம் தட்டிக்கொண்டே அதன் எதிரே நடந்தான்.
கூப்பிட்டேன். திரும்பவில்லை.
ஓடிப்போய்ப் பிடித்தேன்,
மணிக்கட்டை ஒரு கையால், காலரை ஒரு கையால்,
சுவரோடு.

இதுவரை சுற்றறிக்கை என் பக்கம்.
ஆல்துரை சார் அதை ஸ்டாஃப் ரூமில் வாசித்தபோது
நான் டீயில் ஆடை படிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஆபத்து என்றால் மட்டும் தடுத்துப் பிடிக்கலாம்.
ஆபத்து நீங்கிய கணமே விட்டுவிட வேண்டும்.

அது ஒருமுறை மூச்சை ஊதிவிட்டுக்
கன்றை முன்னால் விட்டுப் போனது.
ஓடைப் பக்கம் தேயிலைச் செடிகள் அசைந்தன, நின்றன.
பார்த்தேன்.
பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.
கையை விடவில்லை.

அதற்குள் அது வேறு கை ஆகியிருந்தது.
போன வாரம் கரும்பலகையில்
என்னைப் பல்லோடு வரைந்தவனைப் பிடித்திருந்த கை.
"விடுங்க மிஸ், வலிக்குது."
அடுத்த தடவை சொன்னபோது அதில் மிஸ் இல்லை.

டீச்சர் இல்லாவிட்டால் பையன் இல்லை என்று
சத்துணவு அமைப்பாளர் சாட்சி எழுதித் தந்திருக்கிறார்.
அவன் அம்மா கொழுந்துச் சாக்கை இறக்கிய கையோடு வந்து
என் காலைத் தொடக் குனிந்தாள்.
அவளுக்குப் பின்னால் அவன்,
வெயில் ஏறிய பிறகும்
ஸ்வெட்டர் கையை விரல்நுனிவரை இழுத்துவிட்டபடி.

காட்டெருமைக்கு இருபது நொடி இருக்கும்.
மீதி?

கட்டம் ஒன்றுதான் கொடுத்திருக்கிறார்கள்.
நடுவில் ஒரு கோடு போட்டேன்.
ஸ்கேல் இல்லை, கோணலாக வந்தது.
இடது பக்கம் இருபது என்று எழுதிவிட்டேன்.

"முடிச்சிட்டீங்களா டீச்சர்?
மூணு மணி பஸ்ஸுல அனுப்பணும்"
என்கிறார் ஆல்துரை சார், வாசலில் நின்று.