உள்ளே வெறும் காற்று

மார்ச் கடைசி. டுலூத்தில் ஏரிப் பனிக்கட்டி
இன்னும் முழுக்க விட்டுக்கொடுக்கவில்லை.
எனக்கு இன்று தூக்குப்பாலத்தில் வேலை இல்லை.
கூடுதல் நேரக் கூலி, ஆயிரத்து நானூறு டாலர்,
கோட்டின் உள்பையில் கிடக்கிறது.
அதன் மேல் என் கணவர் ஈனோவுக்கு
ஒரு புதுக் கொதிகலன் ஆசை.

லோவல் பெட்ரிச்சின் கடையில்
கிட்டார்கள் கழுத்தால் தொங்குகின்றன.
"முதலில் விலாவில் கேள், அப்புறம் காதில்"
என்கிறான். ஆம்ப்பை அவன் இன்னும் போடவில்லை.

முதலாவது செர்ரிச் சிவப்பு.
நடுவே ஒரு கட்டை ஓடுகிறதாம்:
பாதி வெற்று, பாதி திண்ணம்.
மேடையில் ஊளையிடாது, நல்ல பிள்ளை.
வாசித்தேன்.
கேட்டதற்குப் பதில் சொன்னது.
அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.
இப்படி ஒரு மைத்துனர் எனக்கு இருக்கிறார்.

இரண்டாவதன் கழுத்து மெலிந்தது,
விரல்கள் தாமாக வழுக்கி ஓடும்.
எனக்கு ஓட வேண்டாம்.
சங்கக் கூடத்தில் வெள்ளிதோறும் போல்கா,
ஆட வருபவர்கள் நாற்பது பேர்,
பாதிக்கு மேல் முழங்கால் மாற்றியவர்கள்.
என் சுண்டுவிரலோ ஒரு ஜனவரியில்
இரும்புக் கதவிடுக்கில் போய்
வளைந்தபடியே நின்றுவிட்டது.
மெலிந்த கழுத்தில் அதற்கு
எங்கே உட்காருவதென்று தெரியவில்லை.

மூன்றாவதன் விலைச்சீட்டை லோவல்
இரண்டு முறை அடித்துத் திருத்தியிருந்தான்.
முழுக்கக் குடைந்த மேப்பிள். தவிட்டு நிறம்.
எஃப் வடிவத் துளையருகே
யாரோ சிகரெட் வைத்த தழும்பு.
கழுத்து மண்வெட்டிக் காம்பு போல.
சுண்டுவிரல் போய் உட்கார்ந்தது,
நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்ட மாதிரி.

"இது கத்தும்," என்றான்.
"ஆம்ப்பை ஆறுக்கு மேல் திருகினால்
தன் குரலைத் தானே கேட்டுக் கேட்டு
வெறிபிடித்துவிடும்.
துளையில் பஞ்சடைத்துத்தான் வாசிப்பார்கள்."

நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.
அக்கார்டியன் வாசிக்கும் ரெய்னோ
என் தட்டைக் கிட்டாரைப் பற்றிச் சொன்னதை:
பீங்கானில் கத்தி கீறுகிறது, ஆயிலா.
கொதிகலனையும் யோசித்தேன், பொய் சொல்வானேன்.

அப்போது பருவத்தின் முதல் கப்பல்
கால்வாய் வாயில் வந்து ஊதியது.
நீளமாய் மூன்று, குட்டையாய் இரண்டு.
ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, எப்போதும் போல.
மடியில் இருந்தது முனகியது.
நான் தொடவில்லை.
ஐந்தாம் கம்பி, தானாக.
விலாவில் முதலில், காதில் அப்புறம்.

உடனே பாலம் பதில் ஊதியது.
என் இடத்தில் இன்று கேரிக்.
கடைசிக் குட்டையை
வழக்கம்போல் கடித்துத் துப்பினான்.
அதற்குக் கிட்டார் வாயே திறக்கவில்லை.
அந்தச் சுருதி இதனுடையது இல்லை போலும்.
பதினெட்டு வருடமாகக் கப்பல்களுக்குப்
பதில் ஊதுகிறவள் நான்.
என் பாலத்தை இது மதிக்கவில்லை.
சிரித்துவிட்டேன். லோவலுக்குக் காரணம் புரியவில்லை.

பிறகுதான் ஆம்ப்.
ஒரு கோர்வையை அழுத்தி விட்டேன்.
ஓசைக்கு முன்னால் ஒரு மூச்சு,
ஓசைக்குப் பின்னால் கொஞ்சம் மரம்.
நடுவில் இருந்ததற்கு
என்னிடம் வார்த்தை இல்லை, ரெய்னோவிடம் இருக்கும்.

ஆயிரத்து அறுநூறு கேட்டான்.
இருந்ததை எண்ணி வைத்தேன், மீதி ஜூனில்.
தாழ் உடைந்த பெட்டியை
ஒரு பழைய பெல்ட்டால் கட்டிக் கொடுத்தான்.
"பஞ்சு வேண்டுமா?"
வேண்டாம். கத்தட்டும்.
எங்கே நின்றால் கத்தாதென்று
நான் கற்றுக்கொள்கிறேன்.
வீட்டிலும் அப்படித்தான் கற்றேன்.

வெளியே பாலம் இன்னும் இறங்கவில்லை.
கார்களின் வரிசையில், ஒரு ரொட்டி வண்டிக்குப் பின்னால்,
பெட்டியைக் காலோடு அணைத்து நின்றேன்.
கேரிக் இவ்வளவு மெதுவாகவா இறக்குகிறான்?
நாளை சொல்ல வேண்டும்.