டைனி டிம்முக்கு நாலு

பிப்ரவரியில் வந்த காய்ச்சல்
போகும்போது வில்டாவின் மூக்கையும் கொண்டுபோய்விட்டது.
காபி வெந்நீர். வெண்ணெய் வெறும் வழுவழுப்பு.
நாக்கு செத்துப்போச்சு என்றாள்.
என் சட்டையின் டீசல் நாற்றம்கூடத் தெரியவில்லையாம்,
முப்பது வருஷம் அதைத் திட்டித் தீர்த்தவளுக்கு.

மார்ச்சில் ஜன்னலோரம் விதை போட்டோம்.
வழக்கமான ஒன்று அல்ல, ஐந்து ரகம்.
எது முதலில் திரும்பி வருகிறது பார்ப்போம் என்றாள்,
ஐந்து படகைக் கடலுக்கு அனுப்பியவள் மாதிரி.

லூனன்பர்க்கில் உறைபனி போய்விட்டதென்று
ஜூன்வரை யாரும் சத்தியம் செய்வதில்லை.
இரவுகளில் பால் டப்பாக்களைக் கவிழ்த்து மூடினேன்.
ஜூலை முழுக்க மூடுபனி.
ஆகஸ்டில்தான் ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்தோம்.
அவள் கடிப்பாள். நான் எழுதுவேன்.

சன்கோல்ட்.
தெருவே கொண்டாடும் ஆரஞ்சுக்காரி.
மழை வருமென்று வானொலி சொன்னாலே வெடித்துவிடுகிறாள்.
பல் படுவதற்குள் பட்டென்று ஒரு சத்தம்.
இனிப்பா?
தெரியாது. ஈரம் என்று எழுது.

ஸ்வீட் மில்லியன்.
பெயரில் உள்ள பூஜ்யங்களில் ஒன்றையும் குறைக்காத காய்ப்பு.
வேலி தாண்டி ஐவன் சுவிக்கரின் துணிக்கொடியில்
அவருடைய காலுறைகளுக்கு நடுவே தொங்குகிறது.
தோல் பல்லிடுக்கில் தங்கும்.
நறுக். அப்புறம் ஒன்றுமில்லை.

பிளாக் செர்ரி.
கறுப்பில்லை, அடிபட்டுக் கன்றிய முழங்காலின் நிறம்.
நான் ஒன்று தின்றேன்:
புகை, கொஞ்சம் உப்பு, அடியில் எங்கேயோ ஒரு இனிப்பு.
பரவாயில்லை என்று மட்டும் சொன்னேன்.
அவள் என் முகத்தையே பார்த்துவிட்டு
ஒன்பது போடு என்றாள்.

ஒயிட் கரன்ட்.
பழுத்துவிட்டோமா என்பது அதற்கே தெரியாது.
பத்துப் பதினைந்தை உள்ளங்கையில் வைத்து
உருட்டிக்கொண்டே இருந்தாள், வாயில் போடவில்லை.
கைக்கு நன்றாயிருக்கிறது, அதை எழுது.

டைனி டிம்.
ஐவன் தயிர் வாளியில் வைத்துக் கொடுத்தது,
முழங்கால் உயரம்கூட இல்லை.
எல்லாவற்றுக்கும் முந்திப் பழுத்தது.
அதைவிட்டால் சொல்ல ஒன்றுமில்லை.
தடித்த தோல், சப்பென்ற சாறு.
இரண்டு போட்டேன், அதுவும் இரக்கப்பட்டு.

செப்டம்பரில் ஒரு புயல் கிளம்பி வந்துகொண்டிருந்தது.
இருட்டியபின் நெற்றி விளக்கோடு
இருந்ததையெல்லாம் பறித்தோம், பச்சைக் காயையும்.
கொடிகளை ஒடித்து ஒடித்து
அவள் விரல்கள் கறும்பச்சையாகிவிட்டன.
புறங்கையால் மூக்கைத் துடைத்தவள்
அப்படியே நின்றாள்.

இது என்ன நாற்றம்?
எது?
பூனை மூத்திரம். கூடவே ஏதோ பச்சையாக.

அது இலைதான்.
நான் சொல்வதற்குள் குரல் உடைந்தது.
ஓடி ஒரு சன்கோல்டைக் கொடுத்தேன்.
மென்றாள், துப்பினாள்: எரிந்த ரப்பர்.
மில்லியன்: துருப்பிடித்த ஆணி.
பிளாக் செர்ரி, என் ஒன்பது:
ரப்பர்தான், இன்னும் கொஞ்சம் மோசமாக.
ஒயிட் கரன்டைத் தேட வெளிச்சம் போதவில்லை.

வாளியில் மிச்சம் டைனி டிம்.
மென்றாள்.
துப்பவில்லை.
காற்று பால் டப்பாக்களை உருட்டத் தொடங்கியிருந்தது.
என்ன தெரிகிறது என்று கத்தினேன்.

தக்காளி.
எப்படி?
எப்படியுமில்லை, சும்மா தக்காளி.

பதினொன்று தின்றாள், எண்ணினேன்.
சமையலறையில் நோட்டைத் திறந்து
இரண்டை அழித்துவிட்டுப் பத்து எழுதப் போனேன்.
கையைப் பிடித்துக்கொண்டாள்.
நாலு போதும்.
நன்றாயில்லைதானே.

பிறகு என் சட்டைத் தோளில்
மூக்கை வைத்து ஆழமாக இழுத்தாள்.
இன்னும் இல்லை என்றாள்.
கதவு அடித்துக்கொண்டிருக்கிறது, போய்ச் சாத்து என்றாள்.